பழவேற்காடா, மண்டபமா, மணப்பாடா: தூண்டில் பயணத்துக்கு எந்தக் கடல், எந்த மாதம், எந்தத் திதி?

பொங்கலுக்கு நாலு நாள் லீவு, காரில் நாலு பேர், ராடு ரீல் எல்லாம் தயார். பழவேற்காடு போவதா, மண்டபம் போவதா, இல்லை நேராகத் தெற்கே மணப்பாடு, முட்டம் வரைக்கும் இறங்கிவிடுவதா? தூண்டில் போடும் நண்பர்கள் வருஷா வருஷம் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். பலர் முதலில் பார்ப்பது நிலவு அட்டவணையை, அப்புறம் ஓத நேரத்தை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரத்தை. காற்றைப் பார்ப்பது கிளம்புவதற்கு முந்தின ராத்திரி.

நம் கடற்கரைக்கு இந்த வரிசை தலைகீழ். முதலில் பருவமும் காற்றும். அதை வைத்து எந்தக் கடல் என்று முடிவு. அப்புறம் ஓதம், கடைசியாகத்தான் நிலவு. நிலவை முதலில் வைக்கச் சொல்லும் ஆப்களும் வீடியோக்களும் பெரும்பாலும் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும் நாடுகளில் இருப்பவர்களுக்காகச் செய்தவை. நம்மிடம் கடல் அப்படி நடந்துகொள்வதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

காற்றும் அலையும். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. சென்னைக் கரையும் பாக் நீரிணையும் அதை நேராக முகத்தில் வாங்குகின்றன. அதே காற்று தூத்துக்குடிக்குத் தெற்கே போகும்போது நிலத்தைத் தாண்டி வருவதால் கரையோரம் அலை அடங்கியிருக்கும். மே முதல் செப்டம்பர் வரை இது அப்படியே புரண்டுவிடும்: தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று குமரி, மன்னார் வளைகுடாப் பக்கம் கடலைக் கொந்தளிக்க வைக்கும், ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை அந்தப் பெரிய அலையிலிருந்து தப்பி ஓரளவு அமைதியாக இருக்கும். எந்த மாதம் லீவு என்று சொன்னாலே பாதி முடிவு வந்துவிடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஓதம். சென்னையில் அமாவாசை, பௌர்ணமி வாக்கில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சுமார் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். பாம்பன், தூத்துக்குடிப் பக்கம் இன்னும் குறைவு. குஜராத்தில் பாவ்நகர் பக்கம் 10 மீட்டர் தாண்டும், அங்கே ஓதம் பார்க்காமல் கடலில் இறங்கவே முடியாது. அதற்காக இங்கே ஓதம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. இரண்டு வகை இடத்தில் அது எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: தண்ணீர் குறுகிய வாய் வழியாகப் போய்வரும் முகத்துவாரத்திலும், கரை மிகச் சமமாக இருக்கும் இடத்திலும். மற்ற இடங்களில் அது துணைக்காரணம்தான்.

நிலவு. பெரும்பாலும் ஓதத்தின் வழியாகத்தான் மீனைத் தொடுகிறது. ராத்திரியில் மட்டும் வெளிச்சம் தனியாகக் கணக்கில் வரும்.

அனுமதி. தேசியப் பூங்கா, தடைக்காலம், எல்லை, துறைமுகப் பாதுகாப்பு. இதைக் கேட்காமல் போனால் மீன் கிடைக்கிறதோ இல்லையோ பிரச்சினை கிடைக்கும்.

செலவு. டீசல், ரூம், இரை மட்டும் இல்லை. கடல் விடாமல் சும்மா உட்காரும் நாளும் செலவுதான்.

| | பழவேற்காடு, முட்டுக்காடு (கழிமுகம்) | மண்டபம், தொண்டி (பாக் நீரிணை) | மணப்பாடு முதல் முட்டம் வரை (தெற்குக் கரை) |
|---|---|---|---|
| நல்ல மாதங்கள் | ஜனவரி–மார்ச், ஜூலை–செப்டம்பர் காலை நேரம் | மார்ச்–செப்டம்பர் | டிசம்பர்–மார்ச் |
| தவிர்க்க வேண்டியது | அக்டோபர்–டிசம்பர் வெள்ளக் காலம் | அக்டோபர்–ஜனவரி | மே–செப்டம்பர் |
| ஓதத்தின் முக்கியம் | மிக அதிகம் | சமக்கரையில் அதிகம் | குறைவு, அலைதான் முக்கியம் |
| எதிர்பார்க்கும் மீன் | கொடுவா, மடவை, செப்பிலி, கெளுத்தி | ஓரா, கிழங்கான், ஊளி, கணவாய் | பாறை, ஊளி, கலவா, விளைமீன் |
| படகு தேவையா | தேவையில்லை | இருந்தால் நல்லது | கரையிலிருந்தே முடியும் |
| பெரிய ஆபத்து | வாயில் இழுப்பு | சேறு, எல்லை | திடீர் பேரலை |

## பழவேற்காடு, முட்டுக்காடு: ஓதம் பார்த்து மீன்பிடிக்கப் பழக இதுதான் இடம்

சென்னையில் இருப்பவருக்குச் செலவு குறைவு. பழவேற்காடு சுமார் 60 கிலோமீட்டர், விடியற்காலை கிளம்பி மதியத்துக்குள் வீடு திரும்பலாம். ஆனால் நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் தூரம் இல்லை. ஒரு மீட்டர் ஓதம் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் இது.

முகத்துவாரத்தில் ஒரு மணி நேரம் தூண்டில் போடாமல் நின்று பாருங்கள். ஏற்றத்தில் கடலிலிருந்து தெளிந்த பச்சைத் தண்ணீர் உள்ளே தள்ளிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் ஒன்றும் அசையாது, தக்கை போட்ட இடத்திலேயே நிற்கும், நரம்பு (தூண்டில் கயிறு) தொய்ந்து கிடக்கும். அப்புறம் இலை, செத்தை, நுரை எல்லாம் மெதுவாகக் கடலைப் பார்த்து நகர ஆரம்பிக்கும், பழுப்புத் தண்ணீர் வெளியே வரும். பழுப்பும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் நுரைக் கோடு ஒன்று விழும். கொடுவா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் வரும் திசையைப் பார்த்து, இறாலும் பொடி மீனும் அடித்துக்கொண்டு வருவதற்காகக் காத்திருக்கும். இரையை அது இருக்கும் இடத்தில் எறியக் கூடாது. கோட்டுக்கு மேலே எறிந்து தண்ணீரே கொண்டுவந்து சேர்க்கும்படி விடவேண்டும். வற்றம் ஆரம்பித்த முதல் இரண்டு மணி நேரம் எனக்குப் பிடித்த நேரம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓத அட்டவணை கடலுக்கானது. ஏரி பெரியது, வாய் சின்னது, அதனால் அட்டவணையில் உச்ச ஏற்றம் என்று போட்ட நேரத்துக்குப் பிறகும் வாயில் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், திரும்புவதற்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதமாகலாம். ஏரிக்குள்ளே தள்ளிப் போகப் போக இன்னும் தாமதம். முதல் நாள் ஒரு குச்சியை நட்டு எத்தனை மணிக்குத் தண்ணீர் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டால் அடுத்த நாளுக்கு எந்த ஆப்பும் தேவையில்லை, சுமார் 50 நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.

மறைமுகச் செலவு என்றால் முதலில் வாய் மூடிக்கொள்வது. கோடையில் மணல் திட்டு வளர்ந்து முட்டுக்காடு மாதிரி இடங்களில் முகத்துவாரம் அடைபட்டுப் போகும். வாய் மூடினால் ஓதமும் இல்லை, மேலே சொன்ன எதுவும் இல்லை. போவதற்கு முன் உள்ளூரில் ஒருவரிடம் "வாய் திறந்திருக்கா" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது, வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுத் தண்ணீர் மணலை உடைத்துக்கொண்டு பாயும். அப்போது வாயில் மீன் கூடும் என்பது உண்மைதான், கால் வைத்த மணல் கரைந்து போகும் என்பதும் உண்மை. அந்த நேரத்தில் வாயை ஒட்டி நிற்காதீர்கள். பழவேற்காட்டில் படகு பற்றியும் சொல்லிவிடுகிறேன்: 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. யாராவது ரகசியமாக ஏற்றிக்கொள்கிறேன் என்றாலும் ஏறாதீர்கள். இங்கே கரையிலிருந்தே போதுமான மீன் இருக்கிறது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ராத்திரியில் கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்கள் டார்ச்சைக் கடல் பக்கமோ மணல் பக்கமோ அடிக்காதீர்கள், ஆமை வந்தால் விலகி நில்லுங்கள், வெளிச்சமும் நடமாட்டமும் இருந்தால் அவை முட்டையிடாமல் திரும்பிப் போய்விடலாம். அறுந்த நரம்பை மணலில் விட்டுவிட்டு வரக் கூடாது என்று சொல்ல வேண்டியதே இல்லை.

## மண்டபம், தொண்டி: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், சராசரி ஆழம் 10 மீட்டருக்குள்தான். அடியில் கடற்புல், அந்தப் புல்லை மேய வரும் ஓரா, மணல் திட்டில் கிழங்கான், அவற்றைத் துரத்தி வரும் ஊளி. ராமேஸ்வரத்துக்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை இரண்டையும் பார்த்தவருக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

இங்கே ஓதம் அரை மீட்டர் சுற்றுவட்டாரம்தான், ஆனால் தொண்டி, அதிராம்பட்டினம் பக்கம் கரை மிகச் சமம். நூறு மீட்டர் நடந்தால் அரை மீட்டர் ஆழம் என்றிருக்கும் இடத்தில் அரை மீட்டர் வற்றினால் கடல் நூறு மீட்டர் தள்ளிப் போய்விடும். காலையில் தூண்டில் போட்ட இடம் மதியம் சேறாகக் கிடக்கும். அதனால் இங்கே ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் உச்சமும்தான் நேரம், வற்றம் பாதி தாண்டியதும் சாப்பிடப் போய்விடலாம். காற்று இரண்டு நாள் ஒரே பக்கமிருந்து அடித்தால் அது தண்ணீரைத் தள்ளி ஓதக் கணக்கையே மாற்றிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மண்டபத்தைத் தங்குமிடமாக வைத்துக்கொள்வதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது, மற்ற இரண்டு இடத்துக்கும் இது கிடையாது. நிலம் ஒடுங்கி, வடக்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் நடந்தே போகலாம். வாடை அடித்தால் தெற்குப் பக்கம், கச்சான் அடித்தால் வடக்குப் பக்கம். மாதம் மாறும் நேரத்தில், அதாவது மார்ச்–ஏப்ரலிலோ அக்டோபர் தொடக்கத்திலோ, காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் லீவு போட வேண்டியிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு மண்டபம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் தெற்குப் பக்கம் போகும்போது சட்டம் கூடவே வரும். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைக் கடலும் 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் இறங்கக் கூடாது, சுற்றி மீன்பிடிக்கக் கூடாது. "ஒரு மணி நேரத்தில் தீவுக்குப் போய் வந்துடலாம் சார்" என்று யாராவது படகு காட்டினால் மறுத்துவிடுங்கள். வடக்குப் பக்கம் படகில் போனால் சர்வதேச எல்லை தூரம் இல்லை, அங்கே நம் மீனவர்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர் அந்தப் பக்கம் போக எந்தக் காரணமும் இல்லை. ஆதார் அட்டை கையில் இருக்கட்டும், சோதனையில் கேட்பார்கள்.

படகுச் செலவை நேரில் பேசித்தான் முடிவு செய்யவேண்டும். இரண்டைக் கவனியுங்கள்: மீன்பிடிக்கப் பதிவான படகு பயணிகளை ஏற்றும் படகு ஆகாது, விபத்து என்றால் இழப்பீடு பேச்சே சிக்கலாகும். அடுத்து, ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மீதி நாள் என்ற முறை இருக்கிறது. விசைப்படகு இறங்கும் நாளில் நாட்டுப்படகுக்காரர் கடலுக்குப் போகமாட்டார். எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் ரூம் வாடகை வீண். சொறி (ஜெல்லி மீன்) மிதக்கும் காலத்தில் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். சேற்றில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் திருக்கை தானே விலகிப் போகும்.

## மணப்பாடு முதல் முட்டம் வரை: பெரிய மீனுக்கு, அனுபவம் உள்ளவருக்கு

பாறையும் தூண்டில் வளைவும் (கரையைக் காக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டிய தடுப்பு) ஆழத்துக்குப் பக்கத்திலேயே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவதால், படகு இல்லாமல் பெரிய மீனோடு மோத இந்த மூன்றில் இதுதான் இடம். டிசம்பர் முதல் மார்ச் வரை, வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் எதுவும் இல்லாத வாரத்தில், காலைக் கடல் குளம் மாதிரி கிடக்கும். லூர் (செயற்கை இரை) போடுகிறவருக்குப் பாறை மீன் அடிக்கும் அடி வேறு எங்கும் கிடைக்காது. பொங்கல் லீவுக்கு என் பதில் இதுதான்: சென்னையிலிருந்து 600 கிலோமீட்டர் தாண்டி வண்டி ஓட்டும் தெம்பு இருந்தால் தெற்குக் கரை, இல்லையென்றால் பழவேற்காட்டு வாய்.

ஓதம் இங்கே பின்னால் போய்விடுகிறது. பாறை அடியில் எப்போதும் ஆழம் இருப்பதால் அரை மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் மீனுக்குப் பெரிதாக ஒன்றும் மாறாது. விடியலும் அந்தியும்தான் நேரம். ஏற்றத்தில் அலை மேலே ஏறி, திரும்பும் வழியில் உள்ள தாழ்ந்த கல்லை மூடிவிடும் என்பதற்காக மட்டும் ஓத நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பயப்பட வேண்டியது கள்ளக்கடலுக்கு. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், அலைக்கும் அலைக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கும், அந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றுவது. ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் அலையில் போனார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. உள்ளூர் வானிலை அறிக்கையில் "காற்று லேசாக" என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பாறையில் ஏறாதீர்கள், பேரலை எச்சரிக்கையைத் தனியாகத் தேடிப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்று தூண்டிலை எடுக்கவே வேண்டாம்.

மறைமுகச் செலவு: பாறையில் மாட்டி அறுந்து போகும் ஈயம், முள், லூர். ஒரு காலையில் போகும் லூர் விலையைக் கூட்டினால் பழவேற்காட்டில் ஒரு மாதத்துக்கு இரை வாங்கலாம். பிடிப்புள்ள செருப்பு, லைஃப் ஜாக்கெட், இரண்டும் கட்டாயம். பாசி பிடித்த கருங்கல்லில் ரப்பர் செருப்பு வழுக்கும். துறைமுகத் தடுப்புச் சுவர்களில் அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது, கிராமத்துத் தூண்டில் வளைவு என்றால் ஊரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

## அமாவாசையா, அட்டமியா?

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்து ஓதம் அதிகம், நீரோட்டம் வேகம். அட்டமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து எல்லாம் மந்தம். இதற்கு ஆப் வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் திதி போதும்.

கழிமுகத்துக்குப் போகிறவர் பிரதமை, துவிதியை, திரிதியை பார்த்துப் போகலாம், தண்ணீர் ஓடினால்தான் அங்கே மீன் ஓடும். சமக்கரையில் அதே நாட்களில் ஏற்றத்தின்போது மீன் கரைக்கு நெருங்கி வரும், ஆனால் வற்றும்போது கடல் அதிக தூரம் போய்விடும். படகிலிருந்து அடியில் ஈயம் நிறுத்தி விளைமீனோ கலவாவோ பிடிக்க நினைப்பவருக்கு நவமி, தசமிதான் நல்லது. ஓட்டம் மந்தமாக இருந்தால் சின்ன ஈயமே நிற்கும், நரம்பு நேராக இறங்கும், கடி கைக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கும் ஆட்களுக்கு ஒரு கணக்கு. ஓதச் சுழற்சி சுமார் பதினான்கே முக்கால் நாள். அதனால் இந்த ஞாயிறு ஓட்டம் அதிகம் என்றால் அடுத்த ஞாயிறு மந்தம், அதற்கடுத்தது மறுபடி அதிகம். ஒரே இடத்தில் அதிக ஓதம் வரும் நாட்களில் உச்ச ஏற்றமும் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் வரும், மந்தமான நாட்களில் அது சுமார் ஆறு மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். உங்கள் இடத்தில் அமாவாசை வாக்கில் விடியலில் வற்றம் என்றால் எல்லா அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அப்படித்தான். விடியலில் ஏற்றம் வேண்டுமானால் அட்டமி வாரம் போகவேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மூன்று மாதத்துக்கான லீவை இன்றே குறித்துவிடலாம்.

நிலவு தலைக்கு மேலே வரும் நேரம், காலுக்குக் கீழே போகும் நேரம் என்று மீன் கடிக்கும் நேரம் சொல்லும் சொலூனார் அட்டவணை இருக்கிறதே, அது 1926-இல் ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. அதை வைத்துப் பயணத்தை முடிவு செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன். காற்றும் ஓதமும் சரியாக இருக்கும் நாளில் அந்த நேரமும் சேர்ந்து வந்தால் சந்தோஷம், அவ்வளவுதான். ராத்திரி மீன்பிடியில் நிலவு வேறு விதமாக வேலை செய்யும்: விளக்கு வெளிச்சத்துக்குக் கணவாய் கூட வேண்டுமானால் இருட்டு வேண்டும், பாறையில் அலையைப் பார்த்து நிற்க வேண்டுமானால் நிலா வேண்டும்.

## தடைக்காலம் பற்றிக் கேட்பவர்களுக்கு

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. அந்த நாட்களில் மீன் விலை ஏறியிருக்கும், நாட்டுப்படகுக்காரருக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம், அதனால் உங்களை ஏற்றிக்கொண்டு சுற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கரையிலிருந்து போடுகிறவருக்கு இது நல்ல காலம், முக்கியமாகப் பாக் நீரிணையில். முட்டைக்குத் திரண்டிருக்கும் மீன் வந்தால் திருப்பி விட்டுவிடுங்கள், தடைக்காலம் என்பதே அதற்காகத்தான்.

## கிளம்புவதற்கு முன்

மூன்று நாள் முன்பே வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பார்க்கத் தொடங்குங்கள். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகக் காற்று என்று போட்டுக் கடலுக்குப் போகவேண்டாம் என்றால் படகுத் திட்டம் முடிந்தது, ரூம் புக்கிங்கை அன்றே ரத்து செய்தால் பாதிப் பணமாவது திரும்பும். 25 கிலோமீட்டருக்கு மேல் கரையை நோக்கி அடித்தாலே கரையிலிருந்து எறிவதில் சுகமில்லை. முந்தின நாள் இன்காய்ஸின் அலை முன்னறிவிப்பு, அப்புறம் ஓத நேரம், கடைசியாகப் போகும் ஊரில் ஒரு போன். ஊர்க்காரர் "கடல் சரியில்ல" என்று சொன்னால் ஆப் என்ன காட்டினாலும் ஊர்க்காரர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.